பிளக்கில் பொறி தெரிகிறது, எஞ்சின் கிளம்பவில்லை: பழைய அவுட்போர்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் கிளம்ப மறுத்தால் எல்லாரும் முதலில் செய்வது ஒன்றுதான். மூடியைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்கை வெளியே எடுத்து, ஹெட்டின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு கயிற்றை இழுப்பார்கள். நுனியில் ஒரு சின்னப் பொறி மினுக்கென்று தெரியும். "கரண்ட் வருகிறது, கோளாறு கார்புரேட்டரில்தான்" என்று முடிவாகிவிடும். அடுத்த இரண்டு நாள்கள் ஜெட்டை ஊதுவதிலேயே கழியும். பொறி மங்கலாகத் தெரிந்ததும் நேரே கடைக்குப் போய், பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலைப் புதிதாக வாங்கி வருபவர்களும் உண்டு. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். பொறிக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பதை அவர்கள் யாருமே சோதித்துப் பார்க்கவில்லை.

பிளைவீலுக்கு (எஞ்சினின் மேல் சுழலும் கனத்த சக்கரம்) அடியில் காண்டாக்ட் பாயிண்டும் (திறந்து மூடும் சிறு மின் தொடுமுனை) கண்டன்சரும் (பாயிண்ட் திறக்கும்போது அங்கே பொறி பறக்காமல் காக்கும் சிறு பாகம்) உள்ள பழைய மேக்னெட்டோ எஞ்சின்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். ஜான்சன், எவின்ரூட் நிறுவனங்களின் சிறிய எஞ்சின்கள் பெரும்பாலும் 1970களின் நடுப்பகுதி வரை இந்த அமைப்பில்தான் வந்தன. இவற்றுக்கு பேட்டரி தேவையில்லை. பிளைவீலில் பதித்த காந்தம் காயிலைக் கடக்கும்போது அதன் முதல் கம்பிச்சுற்றில் மின்சாரம் பிறக்கிறது. சரியான நொடியில் பாயிண்ட் திறந்து அதைத் துண்டிக்கும்போது, இரண்டாம் கம்பிச்சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து பிளக்குக்குப் போகிறது. இந்தப் பாதையில் எங்கே சிறு கசிவு இருந்தாலும் பொறி மெலியும்.

திறந்த வெளியில் பார்த்த பொறியை நம்புவது

பிளக் வெளியே இருக்கும்போது அதன் இடைவெளியில் இருப்பது சாதாரணக் காற்று. அதே பிளக் சிலிண்டருக்குள் இருக்கும்போது பிஸ்டன் அந்தக் காற்றை அழுத்தி நெருக்குகிறது. நெருங்கிய காற்றைத் தாண்ட மின்சாரத்துக்குப் பல மடங்கு வலு வேண்டும். வெளியே 0.75 மில்லிமீட்டரைச் சுலபமாகத் தாண்டிய பொறி, உள்ளே போனதும் அணைந்துவிடலாம். ஆகவே பிளக்கைச் சாய்த்து வைத்துப் பார்ப்பது, "மின்சாரம் வருகிறதா" என்ற கேள்விக்கு மட்டுமே விடை தரும்.

வலுவை அறிய, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள பொறி சோதிப்பான் ஒன்று வேண்டும். விலை மிகக் குறைவு. பாயிண்ட் வைத்த எஞ்சினில் பொறி சுமார் 6 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம், தாண்ட வேண்டும். நீல நிறத்தில், சடசடவென்று சத்தம் கேட்கத் தாண்டினால் பொறியைச் சந்தேகிக்காதீர்கள். 3 மில்லிமீட்டரிலேயே தடுமாறினால், கார்புரேட்டரைத் தொடாதீர்கள்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு சொல்வதும் சரியல்ல. உச்சி வெயிலில் நல்ல பொறியும் வெளிறித் தெரியும். உப்புக் காற்றிலும் உப்புப் படிந்த பிளக்கிலும் பொறி மஞ்சள் கலந்து வரலாம், அது சோடியத்தின் நிறம். நிழலில் வைத்துப் பாருங்கள், இடைவெளியை அளந்து பாருங்கள்.

சோதிக்கும்போது எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட வேண்டும். மேக்னெட்டோவின் வலு, பிளைவீல் சுழலும் வேகத்தைப் பொறுத்தது. அழுத்தம் இல்லாதபோதுதான் கயிறு இழுக்கும் கைக்கு அந்த வேகம் கிடைக்கும். சோதிக்காத சிலிண்டரின் பிளக் வயரை அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள், எஞ்சின் உடலோடு எர்த் செய்துவிடுங்கள். போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலின் உறையைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். நல்ல காயில்கள் இப்படிச் சோதனையின்போதே செத்திருக்கின்றன. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிட்டு வரும் என்பதால், பொறி குதிக்கும் இடம் அந்தத் துளைக்கு அருகில் இருக்கவே கூடாது.

நிறுத்தும் வயரை மறப்பது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் தம்முடைய எட்டுக் குதிரைத்திறன் எஞ்சினைக் கொண்டுவந்தார். "இரண்டு தடவை காயில் மாற்றிவிட்டேன் தம்பி. காலையில் கிளம்புகிறது, அலை தெறித்ததும் நின்றுவிடுகிறது" என்றார். அலை தெறித்ததும் என்ற அந்த ஒரு சொல்லில் விடை இருந்தது. நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் வயரை இணைப்பில் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தேன். அதுவரை நூல்போல மெலிந்திருந்த பொறி 6 மில்லிமீட்டரைத் தாண்டிக் குதித்தது. சுவிட்சைப் பிரித்தால், இரண்டு பித்தளைத் தகடுகளுக்கும் நடுவே பச்சைக் களிம்பும் ஈர உப்பும் பாலம் கட்டியிருந்தன. இரண்டு காயிலுக்கான பணமும் வீண். அது அவருக்குச் சிறிய தொகை அல்ல. கடலில் நின்றுபோன எஞ்சினோடு அவர் தனியாக இருந்த நேரங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

கார் பழகியவர்கள் இங்கே தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. காரில் சுவிட்சைப் போட்டால் மின்சாரம் வரும். மேக்னெட்டோவில் நேர்மாறு: சுவிட்சை அழுத்தினால் மின்சாரம் எர்த்துக்குப் போய் எஞ்சின் நிற்கும். ஆகவே சுவிட்சிலோ, அதன் வயரிலோ, கையில் மாட்டும் பாதுகாப்புக் கயிற்றின் பூட்டிலோ அரைகுறைக் கசிவு இருந்தால் அரைகுறைப் பொறிதான் கிடைக்கும். காசு செலவில்லாத இந்தச் சோதனையை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள். வயரைக் கழற்றிய நிலையில் எஞ்சின் ஓட ஆரம்பித்தால் சுவிட்ச் அதை நிறுத்தாது. சோக்கை இழுத்து மூச்சடைக்க வைத்துத்தான் நிறுத்த வேண்டும். இந்த வயரில் 12 வோல்ட் பேட்டரியை மட்டும் ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள்.

பாயிண்டைப் பார்வையால் மட்டும் சோதிப்பது

பல எஞ்சின்களில் பிளைவீலின் மேல் ஒரு சிறு ஜன்னல் இருக்கும். டார்ச் அடித்து எட்டிப் பார்த்து, "பாயிண்ட் பளபளவென்று இருக்கிறது" என்பார்கள். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த எஞ்சினில் பாயிண்டின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் படிந்திருக்கும். மேக்னெட்டோவின் முதல் கம்பிச்சுற்றில் ஓடுவது மிகக் குறைந்த வோல்ட் மின்சாரம், அந்த மெல்லிய படலமே அதற்குச் சுவர்.

ஒரு வெள்ளை விசிட்டிங் கார்டை ஸ்பிரிட்டில் நனைத்து, மூடிய பாயிண்டுக்கு நடுவே வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். அட்டையில் சாம்பல் நிறக் கோடு ஒன்று விழும். இன்னொரு முனையால் மறுபடியும் இழுங்கள், கோடு வெளுக்கும். சுத்தமான அட்டை சுத்தமாகவே வெளிவரும்வரை இழுக்க வேண்டும். புதிதாக வாங்கிய பாயிண்டுக்கும் இதைச் செய்யுங்கள், துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் எண்ணெய் தடவியிருப்பார்கள். உப்புத்தாளைப் போட்டுத் தேய்ப்பது கெடுதல். அதன் துகள் முகத்தில் புதைந்துகொண்டு, பாயிண்டை முழுதாகச் சேரவிடாது.

இடைவெளியைக் கண்மதிப்பில் வைப்பதும் பெரிய தவறு. ஜான்சன், எவின்ரூட் சிறிய எஞ்சின்களில் அது 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். ஜப்பானிய எஞ்சின்களில் அளவு வேறு, கையேட்டைப் பாருங்கள். பாயிண்டைத் தள்ளித் திறக்கும் கேமின் மேட்டில் பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போதுதான் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைக்க வேண்டும். இடைவெளி மாறினால் பொறி விழும் நேரமும் மாறும்.

ஒரு பாயிண்டின் முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடும் தெரிந்தால் கண்டன்சரைச் சந்தேகியுங்கள். பாயிண்டின் மேல் எண்ணெய் படிந்திருந்தால், கிராங்க் தண்டின் மேல்முனையில் எண்ணெயைத் தடுக்கும் சீல் கசிகிறதா என்று பாருங்கள். சீல் கசிந்தால் நீங்கள் எத்தனை முறை துடைத்தாலும் பத்து நாளில் பழைய கதைதான்.

சுத்தியல்

பிளைவீலைக் கழற்றச் சுத்தியலை எடுக்கவே வேண்டாம். கிராங்க்கின் மரை நசுங்கும், பேரிங் அடி வாங்கும், காந்தம் விரிசல் விடும். நடுக்குடத்தில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லர்தான் சரி. விளிம்பில் கொக்கி மாட்டி இழுக்கும் புல்லர் பிளைவீலையே வளைத்துவிடும். மாட்டும்போது கூம்பு முனை கிரீஸ் இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். பிளைவீலைக் கிராங்க்கில் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் அரைநிலா வடிவக் கீ நசுங்கியிருந்தால் பொறி எவ்வளவு வலுவாக இருந்தாலும் தவறான நேரத்தில் விழும். இழுக்கும் கயிறு கையை உதறினால் அதைப் பாருங்கள்.

மல்டிமீட்டர் சொல்லாதது

காயிலின் ஓம் அளவு சரியாக இருக்கிறது என்பதால் காயில் நல்லது என்று ஆகிவிடாது. மீட்டர் சோதிப்பது ஒரு சில வோல்ட்டில். உறை கிழிந்து கசிவது பல ஆயிரம் வோல்ட்டில். பழைய காயிலின் உறையில் வெடிப்பு தெரிந்தால் மீட்டரே வேண்டாம், மாற்றிவிடுங்கள். வெடிப்பு இல்லையென்றால், இருட்டில் வைத்துக் கயிற்றை இழுத்துப் பாருங்கள், கசியும் இடத்தில் நீலக் கோடு ஓடும். காயிலின் இரும்பு உட்காரும் இடத்தில் துரு இருந்தால் சுரண்டி எடுங்கள், அதுவும் எர்த்தின் பாதைதான்.

இரண்டு சிலிண்டர் எஞ்சினில் கையிலேயே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. இரண்டிலும் பொறி மெலிந்திருந்தால் பொதுவான இடத்தைத் தேடுங்கள்: நிறுத்தும் வயர், எர்த், காந்தம். ஒன்றில் மட்டும் மெலிந்திருந்தால், ஒவ்வொரு பொருளாக அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள், முதலில் பிளக், பிறகு கண்டன்சர், பிறகு காயில். கோளாறு எதோடு இடம் மாறுகிறதோ அதுதான் குற்றவாளி. பிளக் வயருக்குக் காரின் கார்பன் வயரைப் போட்டிருந்தால் கழற்றுங்கள். கேப்பின் திருகுமுள் செம்பு இழையில்தான் நன்றாகப் பிடிக்கும்.

பாக் நீரிணையின் இரு கரையிலும் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்கள் நிறைய. கரைக்கு வருமுன் பெட்ரோலுக்கு மாற்றாமல் நிறுத்தினால், மறுநாள் பிளக் மண்ணெண்ணெயில் ஊறியிருக்கும். அப்போது பொறியின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

எல்லாம் சரிசெய்த பிறகு, தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி இருபது நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்தியதும், சூடு ஆறுமுன், அதே 6 மில்லிமீட்டர் இடைவெளியில் மறுபடியும் பொறியைப் பாருங்கள். குளிரில் குதித்த பொறி சூட்டில் தடுமாறினால், முதலில் கண்டன்சரை மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் தடுமாறினால் காயில் வாங்கலாம்.