‘போரும் வாழ்வும்’ நாவலைச் சிரிப்புக் குறிப்புகளுடன் வாசித்து முடிப்பது எப்படி?

டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ நாவலைப் பாதியில் மூடிவைத்தவர்களைக் கேட்டால், கதை புரியவில்லை என்பதைவிட ஆட்கள் பிடிபடவில்லை என்றே பெரும்பாலும் சொல்வார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் வந்துபோகும் நூலில் அது இயல்புதான். ஒவ்வொருவரையும் பற்றிச் சிரிக்கும்படியாக ஒரு வரி எழுதிவைத்தால் ஆள் மறக்காது என்பதே நான் பரிந்துரைக்கும் வழி.

முதல் வேலை, நோட்டைத் தயார் செய்வது. இடப்பக்கத்தைப் பெயர்களுக்கும் வலப்பக்கத்தைக் குறிப்புகளுக்கும் ஒதுக்குங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும் என்பதால் பாகம், பகுதி, அத்தியாயம் ஆகியவற்றை மட்டும் குறித்தால் போதும். நான்கு பாகங்களும் ஒரு பின்னுரையுமாக மொத்தம் 361 அத்தியாயங்கள் இருந்தாலும் பெரும்பாலானவை சிறியவை. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகும் பேருந்தில், உட்கார இடம் கிடைத்தால், இரண்டு மூன்றை முடித்துவிடலாம்.

அடுத்தது பெயர்கள். நம் ஊரில் தந்தையின் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கிறது; ருஷ்யர்களிடம் அது முழுதாக நடுவில் வருகிறது. ஆகவே பியேர் என்று அழைக்கப்படுபவரே பியோத்தர் கிரீலொவிச், அதாவது கிரீலின் மகன். நதால்யா வீட்டில் நதாஷா ஆகிறாள். ரஸ்தோவ் குடும்பத்துப் பெண் என்பதால் ரஸ்தோவா. வீட்டுப் பெயரைச் சொல்லி ஆளை அடையாளம் காட்டும் வழக்கமுள்ள நமக்கு, பெசூகவ், ரஸ்தோவ், பல்கோன்ஸ்கி, குராகின் என்று குடும்பவாரியாக எழுதிக்கொள்வது எளிது.

இனி, குறிப்பை எழுதும் முறை. இதில்தான் அவசரப்படக் கூடாது. “பியேர் ஒரு கோமாளி” என்று எழுதினால் ஒரு வாரத்தில் அது எதற்கும் உதவாது. நெப்போலியனின் படையோடு ருஷ்யர்கள் மோதிய போரோதினோ போர்க்களத்துக்கு வெள்ளைத் தொப்பியும் பச்சைக் கோட்டும் அணிந்து வேடிக்கை பார்க்க வந்தவர் என்று எழுதினால் ஆள் கண்முன் நிற்பார். டால்ஸ்டாயே இந்த உத்தியைக் கையாள்கிறார்: இளவரசி லிசா வரும்போதெல்லாம் மென்மயிர் படர்ந்த அவளுடைய குட்டையான மேலுதட்டை நினைவூட்டுகிறார்.

குறிப்பு மட்டும் வீட்டுப் பேச்சில் இருக்கட்டும். எழுத்துத் தமிழில் எழுதினால் சிரிப்பு பாதி போய்விடுகிறது. 1805 ஜூலையில் அரசவைச் சீமாட்டி அன்னா பாவ்லவ்னா தரும் விருந்தில் நாவல் தொடங்குகிறது. அங்கே வரும் ஒவ்வொருவரும், யாருக்கும் தெரியாத, யாருக்கும் தேவைப்படாத ஓர் அத்தையை முதலில் வணங்கியாக வேண்டும். அவரும் எல்லோரிடமும் ஒரே உடல்நல விசாரணையைச் சொன்ன சொல் மாறாமல் சொல்கிறார். கல்யாண வீடுகளுக்குப் போய்வருபவர்களுக்கு இந்த அத்தையை விளக்க வேண்டியதில்லை. என் குறிப்பு: “அத்தைய கும்பிடாம பந்திக்குப் போவ முடியாதாக்கும்.” பியேரும் நண்பர்களும் ஒரு கரடியைக் காவல் அதிகாரியின் முதுகோடு கட்டி நீரில் விட்ட செய்திக்கு: “கரடி நீந்துது, போலீஸு மேல கெடக்கு.” நெப்போலியனிடம் ருஷ்யர்கள் தோற்ற ஆஸ்டர்லிட்ஸ் போருக்கு முந்தைய இரவில் போர்த்திட்டம் வாசிக்கப்படும்போது தூங்கிவிடும் ருஷ்யத் தளபதி குத்தூசவுக்கு: “கூட்டத்துல ஒறங்குனவருக்குத்தான் தோக்கப்போறது தெரிஞ்சிருக்கு.”

போர்ப் பகுதிகளுக்குச் சிறிய வரைபடம் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். 1741 குளச்சல் போரைப் பள்ளியில் சில வரிகளில் படித்துப் பழகிய நமக்கு, 1812இன் போரோதினோவுக்கு டால்ஸ்டாய் எடுத்துக்கொள்ளும் பக்கங்கள் மலைப்பூட்டக்கூடும். ஆனால் நூலின் உச்சம் அங்கேதான் இருக்கிறது, தாண்டிச் செல்லாதீர்கள். காயம்பட்டோர் கூடாரத்தில் நடக்கும் காட்சிகளுக்கு நான் குறிப்பு எதுவும் எழுதவில்லை.

ஒவ்வொரு பகுதியையும் தொடங்குமுன் பழைய குறிப்புகளை ஒருமுறை புரட்டுங்கள்.

பின்னுரையின் இரண்டாம் பகுதியில் வரும் 12 அத்தியாயங்கள் கதையே அல்ல, வரலாற்றைப் பற்றிய வாதம். அத்தியாயத்துக்கு ஒரு வரியாக அந்த வாதத்தை எழுதினால் போதும். புதிய பாத்திரம் யாரும் வராததால் இடப்பக்கம் காலியாகவே கிடக்கும். அங்கே டால்ஸ்டாயின் பெயரை எழுதி, எதிரே “சரித்திரம் எழுதுனவங்க எல்லாருகிட்டயும் சண்டைக்கு நிக்காரு” என்று குறித்துக்கொள்ளலாம்.