டர்ன்டேபிளில் 12 இன்ச் கை பொருத்துவது எப்படி?

என்னிடம் இருக்கும் ரெக்கார்டுகளில் பாதி, மதுரையைச் சுற்றி மைக்செட் தொழிலை விட்டவர்களிடம் வாங்கியவை. திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஓடித் தேய்ந்த தட்டுகள். முதல் பாட்டு தெளிவாக இருக்கும். தட்டின் நடுவை நெருங்கும் கடைசிப் பாட்டிலோ ‘ச’ எழுத்தெல்லாம் சீறும். நீளமான டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கி ரெக்கார்டின் மேல் நகரும் கை) பக்கம் நான் போனதற்கு இந்தச் சீறல்தான் காரணம்.

நீளம் எப்படி உதவுகிறது? ரெக்கார்டை வெட்டும் ஊசி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நேர்கோட்டில் போகிறது. நம் வீட்டுக் கையோ ஒரு முனையில் நின்றபடி வட்டமடிக்கிறது. அதனால் ஊசி பெரும்பாலான இடங்களில் கொஞ்சம் கோணலாகவே பள்ளத்தில் நிற்கும். 229 மில்லிமீட்டர் நீளமுள்ள 9 இன்ச் கையில் இந்தக் கோணல் அதிகபட்சம் 1.9 டிகிரி. 308 மில்லிமீட்டர் நீளமுள்ள 12 இன்ச் கையில் 1.35 டிகிரி. ஆதாயம் அரை டிகிரிதான். ஆனால் ஊசியை 1 மில்லிமீட்டர் தள்ளி வைத்துவிட்டால், உள்வட்டத்தில் கிட்டத்தட்ட 1 டிகிரி பிசகிவிடும். காசு கொடுத்து வாங்கிய ஆதாயம் அதிலேயே போய்விடும். அதனால் கை வாங்கச் செலவிடும் யோசனையைவிட அளவெடுப்பதில் இரண்டு மடங்கு நேரம் செலவிடுங்கள்.

வாங்கும் முன்

உங்கள் டர்ன்டேபிளில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேரார்ட் 301, 401, லென்கோ எல்75 போன்றவற்றைப் பெரிய மரப்பெட்டியில் உட்கார வைத்தால் நீளக் கை தாராளமாக நிற்கும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 அதன் சொந்த உடம்போடு இருக்கும்வரை 12 இன்ச் கையை ஏற்காது. ஸ்பிரிங்கில் தொங்கும் டர்ன்டேபிளைத் தொடவே வேண்டாம். கூடுதல் எடையில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

அடுத்தது கார்ட்ரிட்ஜ், அதாவது கையின் முனையில் ஊசியோடு பூட்டும் சிறு பெட்டியின் பொருத்தம். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கை நீள நீள, ஊசி முனையில் உணரப்படும் நிறையும் கூடும். கையின் நிறை, கார்ட்ரிட்ஜ், திருகுகள் மூன்றையும் கிராமில் கூட்டி, கார்ட்ரிட்ஜின் நெகிழ்வு எண்ணால் (கம்ப்ளையன்ஸ், ஊசி எவ்வளவு எளிதாக வளைந்து கொடுக்கும் என்பது) பெருக்குங்கள். வந்த எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுங்கள். கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து இயல்பாக ஆடும் அதிர்வெண் இது. விடை 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் வர வேண்டும்.

20 கிராம் கையில் ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் பூட்டினால் என்ன ஆகும்? அதன் எடை 7.2 கிராம், நெகிழ்வு 20. திருகுக்கு 1 கிராம் சேர்த்தால் விடை 6.7 ஹெர்ட்ஸ். நம் ஊருக்கு இது ஆகாது. சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் கிடந்த ரெக்கார்டு எப்படியும் கொஞ்சம் நெளிந்திருக்கும். அந்த நெளிவின் ஆட்டமும் இந்த எண்ணுக்கு அருகில்தான் இருக்கும் என்பதால் கை குதிக்கத் தொடங்கும். டெனான் டிஎல்-103 மாதிரி விறைப்பான கார்ட்ரிட்ஜ்தான் கனமான கைக்கு இணை. அது எம்சி (மூவிங் காயில்) வகை என்பதால், எம்சி வசதியுள்ள போனோ ஆம்ப் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) தேவை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

துளை போடுவது

கையைப் பெட்டியில் நேரடியாகப் பூட்டாதீர்கள். தனிப் பலகை ஒன்றை வெட்டி, அதன் திருகுத் துளைகளை நீள்வட்டமாக்கினால் பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்த்தலாம். நான் முதலில் தேக்குப் பலகையில் பென்சிலால் குறித்துத் துளைத்தேன். மரத்தின் ரேகையோடு பிட் வழுக்கி, துளை 3 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது. அந்தப் பலகை வீணானது.

இரண்டாவது முறை லேத் பட்டறையில் ஒரு அலுமினியப் பட்டை செய்து வாங்கினேன். ஒரு முனையில் ஸ்பிண்டிலில் (தட்டின் நடுவில் நிற்கும் முளை) ஆட்டமில்லாமல் இறங்கும் 7.2 மில்லிமீட்டர் துளை. மறுமுனையில் கை சுழலும் மையப்புள்ளிக்கு ஊசிமுனை அளவு துளை. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைக் கையோடு வரும் தாளில் பாருங்கள். 308 மில்லிமீட்டர் கைக்கு அது சுமார் 294.8 இருக்கும். பட்டையை வைத்து, சென்டர் பஞ்சால் ஒரு தட்டு தட்டிக் குழி ஏற்படுத்திய பிறகே டிரில்லை எடுங்கள். பிட் நகரவே நகராது.

பூட்டியதும்

ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜைப் பூட்டும் கையின் முனை) கம்பிகள்: வலது பக்கத்துக்குச் சிவப்பும் பச்சையும், இடது பக்கத்துக்கு வெள்ளையும் நீலமும். பச்சையும் நீலமும் மைனஸ் முனைகள்.

பிறகு ஊசி அழுத்தம். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 0.01 கிராம் தராசு போதும், தெற்காவணி மூல வீதிப் பக்கம் கேட்டுப் பாருங்கள். டிஎல்-103க்கு 2.5 கிராம். அதன் காந்தம் தராசின் இரும்புத் தட்டை இழுத்துத் தப்பான எண் காட்டும். மேலே ஒரு பிளாஸ்டிக் கட்டையை வைத்து, ரெக்கார்டின் உயரத்திலேயே அளங்கள்.

இப்போது சீரமைப்புத் தாள், அதாவது ஊசியின் கோணத்தைச் சரிபார்க்கக் கோடுகள் போட்ட தாள். அச்சிடும்போது 100 சதவீத அளவில் அச்சிட்டு, ஸ்கேலால் சரிபாருங்கள். ஸ்பிண்டிலிலிருந்து 66.0, 120.9 மில்லிமீட்டர் என்ற இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் கோடுகளுக்கு இணையாக நிற்கும்வரை அதை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பூதக்கண்ணாடியும் பக்கவாட்டில் ஒரு டார்ச்சும் வேண்டும். எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. நகர்த்தி முடித்ததும் அழுத்தத்தை மறுபடி அளங்கள், மாறியிருக்கும்.

உயரத்துக்கு, ஊசி ரெக்கார்டில் இருக்கும்போது கை தட்டுக்கு இணையாக இருந்தால் சரி. கை நடுவை நோக்கி இழுபடுவதை எதிர்க்கும் ஆன்டி-ஸ்கேட்டிங்கைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். நீளக் கையில் வளைவுக் கோணம் சிறியது, உள்ளிழுப்பும் குறைவு.

அப்புறம் கடைசிப் பாட்டைப் போடுங்கள். சீறல் வலது, இடது இரண்டிலும் ஒரே அளவு இருந்தால், அதே இடத்தை அதிகம் ஓடாத வேறொரு ரெக்கார்டில் கேளுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் உங்கள் கை சரி, அந்தத் தட்டுதான் தேய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சீறினால் முதலில் ஆன்டி-ஸ்கேட்டிங்கை லேசாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். அதிலும் அடங்காவிட்டால் தாளை மறுபடி எடுங்கள்.