ஹெட்போன் மாட்டினால் சவுண்ட்பார் ஊமை: டிவி ஒலியை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவில் வயர்லெஸ் ஹெட்போனில் படம் பார்த்துவிட்டுப் படுத்தால், மறுநாள் டிவியைப் போட்டதும் சவுண்ட்பாரில் சத்தமே வராது. இல்லையென்றால் நேர்மாறாக நடக்கும். ஹெட்போன் இணைந்துவிட்டதாகத் திரை சொல்லும், ஒலி மட்டும் சவுண்ட்பாரிலிருந்தே வந்துகொண்டிருக்கும். உடனே ஹெட்போனை அழித்து மறுபடி இணைப்பது, சவுண்ட்பாரை ஃபேக்டரி ரீசெட் செய்வது, புதுக் கேபிள் வாங்குவது என்று வேலை நீளும். பெரும்பாலான நேரங்களில் இரண்டு கருவிகளிலுமே பழுது இருக்காது. ஒலியை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்யும் இடம் வேறெங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் கருவியைக் குடைந்துகொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

அந்த முடிவை எடுக்கக்கூடியவர்கள் மூன்று பேர்: டிவியின் சவுண்ட் அவுட்புட் மெனு, எச்.டி.எம்.ஐ கேபிள் வழியாகக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சி.இ.சி, டிவியில் செருகியிருக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் அல்லது செட்டாப் பாக்ஸ். முதலாவதை எல்லோரும் பார்க்கிறார்கள். மற்ற இரண்டும் கண்ணில் படுவதில்லை.

ஹெட்போனை எதோடு இணைத்தோம் என்பதை மறந்துவிடுவது

டிவியிலும் புளூடூத் உண்டு, ஸ்டிக்கிலும் உண்டு. ஹெட்போனை ஸ்டிக்கோடு இணைத்துவிட்டால், ஒலி டிவிக்கு வருவதற்கு முன்பே ஸ்டிக்கிலிருந்து நேராக ஹெட்போனுக்குப் போய்விடும். டிவிக்குப் படம் மட்டும் வரும், சவுண்ட்பாருக்கு எதுவும் வராது. அப்போது டிவி மெனுவில் என்ன மாற்றினாலும் பயனில்லை, ஏனென்றால் மாற்றியனுப்ப டிவியின் கையில் ஒலியே இல்லை. ஹெட்போனை அணைத்தாலோ, ஸ்டிக்கின் புளூடூத் பக்கத்தில் துண்டித்தாலோதான் சவுண்ட்பார் மறுபடி பேசும்.

எங்கே இணைத்தோம் என்று தெரியாவிட்டால் டிவியின் உள்ளேயே இருக்கும் ஆப் ஒன்றிலோ, வேறொரு எச்.டி.எம்.ஐ இன்புட்டிலோ எதையாவது ஓடவிட்டுப் பாருங்கள். அங்கே சவுண்ட்பார் ஒலித்து ஸ்டிக்கில் மட்டும் ஒலிக்கவில்லை என்றால், பிடி ஸ்டிக்கிடம் இருக்கிறது. எல்லா இன்புட்டிலும் அமைதி என்றால் டிவியைப் பார்க்க வேண்டும்.

இதற்கு அண்ணன் தம்பி போல இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே சமயத்தில் இரண்டு கருவிகளோடு இணையும் மல்ட்டிபாயிண்ட் வசதி இப்போது பல ஹெட்போன்களில் இருக்கிறது. டிவியோடு இணைத்திருப்பீர்கள், பையில் இருக்கும் போனோடும் அது சேர்ந்திருக்கும். ஒரு அழைப்போ அறிவிப்பு ஓசையோ வந்தால் ஹெட்போன் போன் பக்கம் தாவிவிடும். டிவி ஒலி அடிக்கடி காரணமில்லாமல் அறுந்தால், டிவியைத் திட்டும் முன் போனின் புளூடூத்தை அணைத்துப் பாருங்கள்.

தொல்லை தருகிறதே என்று சி.இ.சி-யை அணைப்பது

சி.இ.சி என்ற பெயரில் இது பல டிவிகளின் மெனுவில் இருக்காது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க், பிலிப்ஸில் ஈசிலிங்க் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். சவுண்ட்பார் விழித்ததும் 'நான் இருக்கிறேன், ஒலியை எனக்குக் கொடு' என்று டிவியிடம் கேட்பது இதன் வழியாகத்தான். ஆகவே ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது சவுண்ட்பார் ரிமோட்டை அழுத்திவிட்டால், டிவி அதன் பேச்சைக் கேட்டு ஒலியை அங்கே மாற்றிவிடலாம். சவுண்ட்பார் ஸ்டாண்ட்பைக்குப் போனால் டிவி தன் சொந்த ஸ்பீக்கருக்குத் திரும்பிவிடும். இந்தத் தாவல்கள் எரிச்சலூட்டுவது உண்மைதான்.

அதற்காக சி.இ.சி-யை மொத்தமாக அணைத்தால் பெரும்பாலான டிவிகளில் ஆர்க் இணைப்பே செத்துவிடும். சவுண்ட்பாருக்கு ஒலி வரும் பாதையே அந்த ஆர்க்தான். 2009-இல் வந்த எச்.டி.எம்.ஐ 1.4-இல் இது அறிமுகமானது. டிவியிலிருந்து ஒலி அதே கேபிளில் பின்னோக்கி சவுண்ட்பாருக்குப் போகும், கட்டளைகள் சி.இ.சி-யில் போகும். எச்.டி.எம்.ஐ 2.1-ஓடு வந்த இ-ஆர்க் தனக்கென்று தனிப் பேச்சுவழி வைத்திருப்பதால், அது மட்டும் சில டிவிகளில் சி.இ.சி இல்லாமலும் வேலை செய்யும். அதை நம்பி இறங்க வேண்டாம். சி.இ.சி-யை விட்டுவிட்டு, அதற்குள் இருக்கும் 'தானாக அணை', 'தானாக எழுப்பு' போன்ற உட்பிரிவுகளை மட்டும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது நல்லது.

கேபிள் செருகும் துளையிலும் கோட்டை விடுவார்கள். டிவியில் நான்கு எச்.டி.எம்.ஐ துளைகள் இருந்தாலும் பொதுவாக ஒன்றில்தான் ஆர்க் அல்லது இ-ஆர்க் என்று எழுதியிருக்கும். சவுண்ட்பார் பக்கமும் அப்படியே. அங்கே 'இன்' என்று இருப்பது பிளேயரைச் செருகுவதற்கு, டிவிக்குப் போவது 'அவுட்'. சொல்லைப் பார்த்து 'ஒலி உள்ளேதானே வர வேண்டும்' என்று இன்-னில் செருகுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள்மேல் குற்றமில்லை, பெயர் வைத்தவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும்.

சவுண்ட்பாரையும் புளூடூத்தில் இணைப்பது

வயர் இல்லாமல் அழகாக இருக்கும். ஆனால் பல டிவிகள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புளூடூத் ஒலிக் கருவியைத்தான் ஏற்கும். சவுண்ட்பார் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஹெட்போனுக்கு இடம் கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒன்றைத் துண்டித்து மற்றதைச் சேர்க்க வேண்டும், டிவியைப் போட்டதும் இரண்டில் எது முந்துகிறதோ அது ஜெயிக்கும். மாடலில் எச்.டி.எம்.ஐ அல்லது ஆப்டிக்கல் (ஒலியை ஒளியாக அனுப்பும் கேபிளுக்கான) துளை இருந்தால் சவுண்ட்பாரை வயரில் கட்டிவிடுங்கள். நகராமல் ஓரிடத்தில் கிடக்கும் பொருளுக்கு வயர் ஒரு சுமையே இல்லை.

இரண்டிலும் ஒரே நேரத்தில் வரும் என்று எண்ணுவது

இந்தக் கேள்வியோடுதான் அதிகம் பேர் வருகிறார்கள். வீட்டில் ஒருவருக்குக் காது மந்தம், அவருக்கு ஹெட்போனில் உரக்க வேண்டும், மற்றவர்களுக்கு சவுண்ட்பாரில் அளவாக வேண்டும். நியாயமான தேவை. ஆனால் ஹெட்போன் புளூடூத்தில் இணைந்த கணமே மற்ற அவுட்புட்களை மூடிவிடும் டிவிகள் ஏராளம். அது பழுதல்ல, அவற்றின் வடிவமைப்பே அப்படி. சில டிவிகளில் டிவி ஸ்பீக்கரும் புளூடூத்தும் சேர்ந்து ஒலிக்க வழி உண்டு. அதைப் பார்த்து 'சவுண்ட்பாரும் புளூடூத்தும்கூடச் சேரும்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அது தனி வசதி. மெனுவில் அந்த இரண்டும் சேர்ந்த வரி கண்ணால் தெரிந்தால் மட்டுமே நம்புங்கள்.

அந்த வரி இல்லையென்றால் டிவியின் புளூடூத்தை மறந்துவிட்டு இரண்டு தனித் துளைகளைப் பயன்படுத்த வேண்டும். சவுண்ட்பார் ஆர்க்கில், ஹெட்போனுக்கு ஆப்டிக்கலிலோ ஹெட்போன் ஜாக்கிலோ ஒரு டிரான்ஸ்மிட்டர், அதாவது ஒலியை வயரில்லாமல் ஹெட்போனுக்கு அனுப்பும் சின்னப் பெட்டி. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் செய்யும்போது மூன்று இடங்களில் கால் இடறும்.

ஒன்று, ஆர்க்கைத் தேர்ந்தெடுத்ததும் சில டிவிகள் ஆப்டிக்கலை நிறுத்திவிடும். துளையில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள். ஒலி போகாதபோதும் வெளிச்சத்தை எரியவிடும் டிவிகள் உண்டு. காதால் கேட்டு உறுதிசெய்த பிறகே டிரான்ஸ்மிட்டருக்குக் காசு செலவழியுங்கள். ஜாக்கிலும் இதே கதை. பிளக்கைச் செருகியதும் மற்ற ஒலியை மூடும் டிவிகளும் உண்டு, மெனுவில் அதை மாற்ற விடும் டிவிகளும் உண்டு, ஜாக்கே இல்லாத புது டிவிகளும் உண்டு.

இரண்டாவது, ஒலியின் வடிவம். டிவி டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கிய வடிவில் அனுப்பினால் சாதாரண ஹெட்போன் டிரான்ஸ்மிட்டருக்கு அது புரியாது. மௌனமாக இருக்கும், இல்லையென்றால் கரகரவென்று இரைச்சல் வரும். செய்திச் சேனலில் நன்றாக ஒலித்து, படத்துக்குப் போனதும் ஊமையாகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். டிஜிட்டல் அவுட்புட்டை பி.சி.எம் (சுருக்காத சாதாரண வடிவம்) என்று மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் பல டிவிகளில் அந்த அமைப்பு ஆர்க்குக்கும் ஆப்டிக்கலுக்கும் பொதுவானது. ஹெட்போனுக்காக பி.சி.எம் வைத்தால் சவுண்ட்பாருக்கும் இரண்டு சேனல் ஸ்டீரியோவே போகும், சரவுண்ட் போய்விடும். என்னைக் கேட்டால், காது மந்தமானவருக்குப் பேச்சு தெளிவாகக் கேட்பது பின்பக்கச் சரவுண்டைவிட முக்கியம். ஆனால் காரணம் தெரியாமல் 'சவுண்ட்பார் திடீரென்று மெலிந்துவிட்டது' என்று புலம்புவதுதான் வழக்கமாக நடக்கிறது.

மூன்றாவது, வாங்கும் பொருள். சவுண்ட்பாரும் ஆப்டிக்கலிலேயே இருந்து, ஒரு ஆப்டிக்கல் துளையை இரண்டாக்க வேண்டுமென்றால் தேவை ஸ்ப்ளிட்டர்: ஒரு வழி உள்ளே, இரண்டு வழி வெளியே. கடையில் அதே உருவத்தில் ஸ்விட்ச்சும் கிடைக்கும், அது இரண்டு வழி உள்ளே, ஒரு வழி வெளியே. மாற்றி வாங்கினால் எவ்வளவு மெனுவைப் புரட்டினாலும் நடக்காது. டிரான்ஸ்மிட்டரில் டி.எக்ஸ் (அனுப்ப), ஆர்.எக்ஸ் (பெற) என்று ஒரு பொத்தான் இருந்தால் அது டி.எக்ஸில் இருக்க வேண்டும். ஆப்டிக்கல் கேபிளின் முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமல் செருகுவதும் நடக்கிறது. சிரிக்காதீர்கள், அது ஒளி ஊடுருவும் மூடி, கண்ணுக்கே தெரியாது.

புளூடூத் 5.2 என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து, பல ஹெட்போன்களுக்கு ஒரே நேரத்தில் ஒலி பரப்பும் ஆராகாஸ்ட் வசதி இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. அந்த எண் அதற்கு உத்தரவாதம் அல்ல. டிவி, ஹெட்போன் இரண்டிலும் ஆராகாஸ்ட் என்ற பெயரே எழுதியிருக்க வேண்டும்.

உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்

ஹெட்போனுக்கு மாறியதும் பேச்சு பின்தங்கினால், பலரும் சவுண்ட் டிலே அமைப்பைத் திறந்து எண்ணைக் கூட்டுகிறார்கள். அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். அந்த அமைப்பு ஒலியைத் தாமதப்படுத்துவதற்கானது. ஏற்கெனவே பிந்தி வரும் ஒலியை முன்னால் இழுக்க அதனால் முடியாது. மைனஸ் எண் கொடுக்க விடும் டிவிகளிலும், டிவி தானே சேர்த்துவைத்த தாமதத்தைத்தான் கொஞ்சம் குறைக்க முடியும். பிறகு சவுண்ட்பாருக்குத் திரும்பும்போது, ஹெட்போனுக்காகத் திருகிய எண் அப்படியே நின்று அங்கேயும் ஒத்திசைவைக் கெடுக்கலாம்.

ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலோ, 125 மில்லி விநாடி பிந்தினாலோ பார்ப்பவர்கள் கவனிக்கத் தொடங்குவார்கள் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.டி.1359 பரிந்துரை சொல்கிறது. சாதாரண எஸ்.பி.சி கோடெக்கில் (புளூடூத்தில் அனுப்ப ஒலியைச் சுருக்கும் முறை) ஓடும் புளூடூத் ஹெட்போனில் தாமதம் பெரும்பாலும் 150 முதல் 250 மில்லி விநாடி வரை இருக்கும். ஆகவே உங்கள் கண்ணும் காதும் பொய் சொல்லவில்லை. ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி என்ற கோடெக் இதைச் சுமார் 40-க்குக் கொண்டுவரும், ஆனால் அனுப்பும் பக்கம், கேட்கும் பக்கம் இரண்டிலும் அது இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் இணைப்பு சத்தமில்லாமல் எஸ்.பி.சி-க்கு இறங்கிவிடும். டிவிக்கென்றே தனி பேஸ் ஸ்டேஷனோடு வரும் ரேடியோ ஹெட்போன்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. தினமும் ஹெட்போனில் டிவி பார்ப்பவருக்கு நான் சொல்வது அதைத்தான், விலை உயர்ந்த புளூடூத் ஹெட்போனை அல்ல.

பல கருவிகளில் ஸ்ட்ரீமிங் ஆப்கள் புளூடூத்தின் தாமதத்தைக் கணக்கிட்டு, படத்தையும் அதே அளவு பிந்த வைக்கும். அதனால் ஆப்பில் எல்லாம் ஒத்துப்போகும், செட்டாப் பாக்ஸின் நேரலையிலும் கேம் கன்சோலிலும் மட்டும் உதடும் பேச்சும் பிரிந்து நிற்கும். ஆப்பில் ஒரு படத்தை ஓட்டிப் பார்த்து 'இந்த ஹெட்போன் பரவாயில்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கேம் மோடில் டிவி படத்தை இன்னும் சீக்கிரம் காட்டும் என்பதால் இடைவெளி கூடத்தான் செய்யும்.

அப்புறம் சில சில்லறை விஷயங்கள்

சவுண்ட்பாருக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி வால்யூம் இருக்கும். மாற்றுவதற்கு முன் குறைத்துவிட்டு, மாறிய பிறகு மெல்ல ஏற்றுங்கள், முக்கியமாகக் காதில் மாட்டியிருக்கும்போது. ஆப்டிக்கலில் இணைத்த சவுண்ட்பாரை டிவி ரிமோட் கட்டுப்படுத்தவில்லை என்றால் அது பழுதல்ல. அந்தக் கேபிளில் பொதுவாக ஒலி மட்டும்தான் போகும், கட்டளை போகாது.

புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில் ஓடுவதால், டிவிக்குப் பின்னால் ரௌட்டரை ஒட்டி வைத்தால் ஹெட்போன் விட்டுவிட்டு ஒலிக்கலாம். ரௌட்டரைத் தள்ளி வையுங்கள், அல்லது டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆர்க் எழவில்லை என்றால், ரிமோட்டில் அணைத்துப் போடுவது போதாது, அது வெறும் ஸ்டாண்ட்பை. டிவி, சவுண்ட்பார், ஸ்டிக் மூன்றின் மின் பிளக்கையும் பிடுங்கி, ஓரிரு நிமிடம் விட்டு, முதலில் டிவியையும் பிறகு சவுண்ட்பாரையும் போடுங்கள். ஃபேக்டரி ரீசெட்டை அதற்குப் பிறகு யோசிக்கலாம். டிவி மென்பொருள் புதுப்பித்த மறுநாள் சிக்கல் தொடங்கியிருந்தால், சவுண்ட் அவுட்புட், டிஜிட்டல் அவுட்புட் வடிவம், சி.இ.சி மூன்றும் பழைய நிலையில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

அதன் பிறகும் நடக்கவில்லை என்றால்தான் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். ஹெட்போனை போனோடும், சவுண்ட்பாரை வேறொரு டிவியோடும் இணைத்துப் பாருங்கள். இரண்டும் அங்கே ஒழுங்காக ஒலித்தால் சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டியவை அவை அல்ல. டிவியின் ஆர்க் துளையைக் காட்டிக் கேளுங்கள்.