ஹெட் காஸ்கட் ஒழுக்குக்குச் சீலர் ஊற்றுவது எப்படி: முதல் தடவை செய்பவர்களுக்கு

கந்தளாய் தாண்டி வரும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறினால் நெஞ்சும் அதோடு சேர்ந்து ஏறும். போன ஆவணியில், கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், எனக்கு அது நடந்தது. காரை ஓரம் கட்டி ஒரு மணித்தியாலம் மர நிழலில் ஆறவிட்டு, தண்ணீர் விட்டு, மெல்ல மெல்ல ஓட்டித் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தேன். அடுத்த நாளிலிருந்து வெளியே ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லாமலே ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டு போனது, காலையில் ஸ்டார்ட் பண்ணினால் சைலன்சரால் வெள்ளைப் புகை. எஞ்ஜினின் கீழ்ப் பாகத்துக்கும் மேல் பாகமான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற தகடு, அதாவது ஹெட் காஸ்கட், போய்விட்டது.

ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி, புதுக் காஸ்கட் போட்டுப் பூட்டுவதுதான் முறையான வைத்தியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதற்குக் கையில் காசு வேண்டும், காரையும் நாலைந்து நாள் கராஜில் விட வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்தப் பாவனைக் கார்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில், அந்த இடைவெளி முழுக்க நாங்கள் 25, 30 வருடக் கார்களைத்தான் பிடித்து வைத்து ஓட்டினோம், இன்னும் ஓட்டுகிறோம். அப்படியான ஒரு காருக்குச் சீலர், அதாவது ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே இருக்கிற ஓட்டையை அடைக்கும் திரவம், கொஞ்சம் தவணை வாங்கித் தரும். காசு சேரும்வரை, அல்லது புதுக் காஸ்கட் கிடைக்கும்வரை.

நான் இதை இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை சீலர் ஓட்டையில் பிடிக்கவில்லை, இரண்டாம் தடவை பிடித்தது. இரண்டு தடவையும் ஒரே வகைப் போத்தல்தான், மாறியது கழுவிய விதம் மட்டும். ஊற்றுவது அரை மணி நேர வேலை, அதற்கு முன்னால் உள்ளே கழுவுவது அரை நாள் வேலை. அந்த அரை நாளை விடாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உள்ளே நடப்பது என்ன

கீழே எஞ்ஜின் புளொக், மேலே ஹெட், இரண்டுக்கும் நடுவில் நசுங்கி இருக்கிற மெல்லிய தகடுதான் காஸ்கட். எரியும் வாயு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம், ஒயில் ஒரு பக்கம், மூன்றும் கலக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பழைய கார்களில் பெரும்பாலும் புளொக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் காஸ்கட் இரண்டுக்கும் நடுவில் உராய்கிறது. ஒரே ஒரு தடவை மோசமாகச் சூடேறினாலும் ஹெட் வளைந்துவிடலாம்.

சிலிண்டருக்குள் பெற்றோல் எரியும் கணத்தில் இருக்கிற அழுத்தம் தண்ணீர்ப் பக்கத்து அழுத்தத்தைவிடப் பல பத்து மடங்கு அதிகம். ஆகவே எஞ்ஜின் ஓடும்போது வாயு தண்ணீருக்குள் புகுந்து ரேடியேட்டரில் குமிழி விடும், எஞ்ஜினை நிறுத்திய பிறகு தண்ணீர் மெதுவாகச் சிலிண்டருக்குள் கசியும். காலையில் வருகிற வெள்ளைப் புகை இரவு முழுக்க கசிந்த அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போவதுதான்.

கடையில் கிடைக்கும் சீலர்களில் ஒரு பெரிய வகை சோடியம் சிலிக்கேட் கலந்தது. தண்ணீரில் கரைந்த கண்ணாடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை இருக்கிற இடத்தில் எரியும் வாயுவின் சூடு பட்டதும் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி, மிச்சம் கண்ணாடி போல இறுகிவிடும். வேறு சிலவற்றில் மெல்லிய நார், செம்புத் துகள் எல்லாம் போட்டிருப்பார்கள், அவை ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். நான் விளக்கப்போவது முதல் வகையை.

ஊற்றுவதற்கு முன்: இது சீலர் கேட்கும் நோயா?

ஒயில் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஒயிலுக்குள் போகிறது, அங்கே சீலர் உதவாது, காரை ஓடவும் விடாதீர்கள், பேரிங்குகள் தேய்ந்து முழு எஞ்ஜினும் போகும். ஒயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை தெரிந்து ஸ்டிக்கில் ஒயில் சுத்தமாக இருந்தால் பயப்பட வேண்டாம். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடுகிற கார்களில், நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு, அது சாதாரணம்.

அடுத்தது குமிழிச் சோதனை. எஞ்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, காலையில் செய்வது நல்லது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்துவரை தண்ணீர் விட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். முதலில் வரும் ஒன்றிரண்டு குமிழி உள்ளே இருந்த காற்று. நிற்காமல் வந்துகொண்டே இருந்து, அக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால் அது எரிந்த வாயு. சந்தேகம் தீராவிட்டால், நீலத் திரவம் வைத்துச் சோதிக்கும் சிறு கருவி உள்ள கராஜில் காட்டுங்கள், ரேடியேட்டர் வாயில் பிடித்ததும் பெற்றோல் காரில் நீலம் மஞ்சளாக மாறினால் முடிவு தெரிந்துவிட்டது. சீலர் வாங்குவதற்கு முன் இதற்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. ஏனென்றால் கார் சூடேறுவதற்கு ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட், மின்விசிறி, வாட்டர் பம்ப் என்று வேறு பல காரணம் உண்டு, கடற்காற்றில் ரேடியேட்டரே அரித்து ஒழுகும் கார்களும் இங்கே கொஞ்சமில்லை. மூடியில் பிழை என்றால் மூடியை மாற்றினால் போதும்.

ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடத்தில் தண்ணீரைக் கக்கித் தள்ளுகிற கார், இரண்டு சிலிண்டர் வேலை செய்யாமல் குலுங்குகிற கார், பல தடவை கடுமையாகச் சூடேறி ஹெட் வளைந்த கார், இவற்றுக்கெல்லாம் போத்தல் வாங்காதீர்கள். பல கார்களுக்கு ஹெட்டில் 0.1 மில்லிமீட்டர் வளைவுகூட அதிகம் என்பார்கள், அதை எந்தத் திரவத்தாலும் நிமிர்த்த முடியாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை அரை லீற்றர் தண்ணீர் கேட்கிற, மற்றபடி ஒழுங்காக ஓடுகிற காருக்குத்தான் இந்த வைத்தியம்.

கழுவுதல்

எஞ்ஜின் கை வைத்தால் சுடாத நிலைக்கு வரட்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், சூடான எஞ்ஜினில் குளிர்ந்த தண்ணீர் விட்டால் ஹெட்டில் வெடிப்பு விழலாம். இரண்டையும் செய்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரேடியேட்டருக்குக் கீழே அகலமான பேசினை வைத்து, அடியிலுள்ள வடிகுழாயைத் திறவுங்கள், அது இறுகிக் கிடந்தால் கீழ் ஹோஸைக் கழற்றுங்கள். வடிகிற கூலன்டை, அதாவது ரேடியேட்டர் தண்ணீரோடு கலந்து விடுகிற திரவத்தை, மண்ணில் விடவே கூடாது. அதில் இருக்கும் எதிலீன் கிளைக்கோல் இனிப்பாக இருக்கும், நாய், பூனை, மாடு எல்லாம் நக்கும், நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். நம் ஊரில் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் தெருவரை வந்து திரிகின்றன, உங்கள் வீட்டு வாசலில் தேங்கிய பச்சைத் தண்ணீர் அவற்றுக்கும் தண்ணீர்தான். கானில் அடைத்து மூடி, பழைய ஒயில் சேர்க்கும் கராஜில் கேட்டுக் கொடுங்கள்.

பிறகு தெர்மோஸ்டாட்டைக் கழற்றுங்கள். அது உள்ளே இருந்தால் எஞ்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டரில் இருக்கும் தண்ணீர் ஹெட்டுக்குள் போகாது, சீலர் போய்ச் சேரவேண்டிய இடமோ ஹெட். ஹீட்டர் குழாய்கள் இணைந்திருந்தால் அவற்றைக் கழற்றி ஒன்றோடொன்று பொருத்திவிடுங்கள், ஹீட்டரின் குழாய்கள் மெல்லியவை, சீலர் முதலில் அடைப்பது அவற்றைத்தான். இந்தச் சூட்டில் நமக்கு ஹீட்டர் தேவையுமில்லை.

இப்போது தண்ணீரை நிரப்பி, பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆறவிட்டு, வடியுங்கள். திரும்ப நிரப்புங்கள், ஓடவிடுங்கள், ஆறவிடுங்கள், வடியுங்கள். நான் முதல் தடவை ஒரே ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டேன், புளொக்குக்குள் தங்கியிருந்த கூலன்டோடு சேர்ந்து சீலர் கஞ்சி போலத் திரண்டு ரேடியேட்டர் வாயில் நின்றது, அந்தப் போத்தல் காசு அத்தோடு போயிற்று. சோடியம் சிலிக்கேட்டுக்கும் கூலன்டுக்கும் ஒத்துவராது. “தம்பி, வடியிற தண்ணியக் கிளாஸில பிடிச்சுப் பாருங்க, குடிக்கலாம் போல இருந்தா ஊத்துங்க” என்று மெக்கானிக் அண்ணா சொல்லித்தந்தார், இரண்டாம் தடவை எனக்கு அதற்கு நான்கு சுற்று பிடித்தது. விரலால் தொட்டால் வழுவழுப்பும் இருக்கக் கூடாது.

கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர் போதும். கடைசியாக நிரப்புவதற்கு மட்டும் பட்டரிக்கு விடுகிற வடித்த தண்ணீர் வாங்குங்கள். உப்புவெளிப் பக்கம் பெயரிலேயே உப்பு இருக்கிறது, கரையோரக் கிணறுகளில் பலவும் சவர், அந்தத் தண்ணீர் அலுமினிய ஹெட்டை உள்ளிருந்து அரிக்கும்.

ஊற்றுதல்

கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், இந்தத் திரவம் காரத்தன்மை கூடியது. பெயின்டிலோ முன் கண்ணாடியிலோ பட்டால் காய்வதற்குள் கழுவிவிடுங்கள், காய்ந்தபின் போகாது.

போத்தலில் எழுதியிருப்பதை இரண்டு தடவை வாசியுங்கள். நான் இங்கே சொல்வதும் அதுவும் முரண்பட்டால் போத்தல் சொல்வதைக் கேளுங்கள், சில வகை கூலன்டோடே ஊற்றலாம் என்றும் இருக்கும். போத்தலை நன்றாகக் குலுக்கி, சொன்ன அளவு தண்ணீரில் கலக்குங்கள். ரேடியேட்டரில் அதற்கு இடம் இருக்கிற அளவுக்கு மட்டும் முதலில் வடித்த தண்ணீரை விட்டு, எஞ்ஜினை ஸ்டார்ட் பண்ணி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லிய நூல்போல ஊற்றுங்கள். மொத்தமாகக் கவிழ்த்தால் ரேடியேட்டரின் மேல் தட்டிலேயே தங்கிவிடும். ஒரு போத்தல் நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லதாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், மிஞ்சியது ரேடியேட்டரைத்தான் அடைக்கும்.

மூடியைப் பூட்டி, அக்சிலேட்டர் கொடுக்காமல், சொன்ன நேரம் ஓடவிடுங்கள். என் போத்தலில் 30 நிமிடம். அந்த நேரம் முழுக்க டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நில்லுங்கள், தேநீர் குடிக்க உள்ளே போகாதீர்கள். முள் வழக்கமான இடத்தைத் தாண்டினால் உடனே நிறுத்தி, ஆறவிட்டு, மிச்ச நேரத்தைப் பிறகு ஓடவிடலாம். புகை முதலில் கூடும், பிறகு குறையும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதை ஒயில் ஊற்றும் வாயில் தப்பித்தவறியும் ஊற்றிவிடாதீர்கள். 2009இல் அமெரிக்க அரசாங்கம் பழைய கார்களைக் கழிக்கப் பணம் கொடுத்தபோது, அந்த எஞ்ஜின்கள் திரும்ப ஓடக்கூடாது என்பதற்காக ஒயிலை வடித்துவிட்டு இதே சோடியம் சிலிக்கேட்டை ஊற்றி ஓடவிடச் சொன்னது. சில நிமிடத்தில் எஞ்ஜின் இறுகி நின்றுவிடும்.

காயவிடுதல்

நேரம் முடிந்ததும் நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, எல்லாவற்றையும் வடியுங்கள். இதையும் கானில் பிடியுங்கள். மூடி திறந்தபடி, வடிகுழாய் திறந்தபடி ஒரு முழு நாள் அப்படியே விடுங்கள். படிந்த சீலர் காற்றுப் பட்டு இறுகுவது இந்த நாளில்தான். அவசரத்துக்குக் கார் தேவைப்படுகிற வாரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், சனிக்கிழமை தொடங்கினால் திங்கட்கிழமை காலை கார் கையில் இருக்கும்.

அப்புறம் ஒரு தடவை சுத்தமான தண்ணீரால் அலசி, தெர்மோஸ்டாட்டைப் புதுப் பேப்பர் காஸ்கட்டோடு பூட்டி, கூலன்டும் வடித்த தண்ணீரும் சமபாதியாகக் கலந்து நிரப்புங்கள். இங்கே பனி உறையாதே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். துரு பிடிக்காமல் காப்பதும், தண்ணீர் 100 பாகையிலேயே கொதித்துவிடாமல் பார்ப்பதும் நமக்கும் வேண்டும். ரேடியேட்டர் மூடி பழசென்றால் இப்போதே மாற்றுங்கள், அதில் 0.9 அல்லது 1.1 என்று அச்சடித்திருக்கும், அதே எண்ணுள்ள மூடியையே வாங்குங்கள். மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றிவிட்டுப் பூட்டுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

முதல் ஓட்டத்துக்கு நிலாவெளி வீதி நல்லது, ஏற்றம் இல்லை, கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர், இடையில் நிறுத்த ஆள் நடமாட்டமும் உண்டு. ஹபரணைப் பக்கம் போகாதீர்கள், யானை கடக்கிற காட்டு வழியில் பொழுதுபட்ட பிறகு பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற நிலை யாருக்கும் வரக்கூடாது.

திரும்பி வந்து ஆறியதும் தண்ணீர் மட்டத்தையும் ஒயில் ஸ்டிக்கையும் பாருங்கள், அடுத்த காலையில் குமிழிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு காலையும் மட்டத்தைப் பார்த்து ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டால் அது மிச்சக் காற்று வெளியேறியதால். இறங்கிக்கொண்டே போனால் சீலர் பிடிக்கவில்லை. ஒழுங்காகக் கழுவி ஊற்றியும் பிடிக்காவிட்டால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும், இன்னொரு போத்தலுக்குக் கொடுக்கும் காசைப் புதுக் காஸ்கட்டுக்கு எடுத்து வையுங்கள்.

காரை விற்கிற எண்ணம் இருந்தால் வாங்குபவரிடம் சீலர் ஊற்றியதைச் சொல்லுங்கள். பிறகு ஹெட்டைக் கழற்றும் மெக்கானிக்கிடமும் சொல்லுங்கள், படிந்ததைச் சுரண்டி எடுத்து ரேடியேட்டரையும் சேர்த்துச் சுத்தம் செய்ய அவருக்குக் கூடுதலாக ஒரு நாள் பிடிக்கும்.