ஒரு பொட்டலம் எடை குறைந்தால் உடனே இயந்திரத்தைத் திருகாதீர்கள்

நெல்லைச் சீமையில் அல்வாவோ, 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயோ பொதியும் சிறு பட்டறைகளில், ஒரு பொட்டலம் 2 கிராம் குறைந்ததுமே இயந்திரத்தைத் திருகிவிடுவது எளிதில் நேரும் தவறாகும். இயல்பான ஏற்ற இறக்கத்தை இப்படித் திருத்தப் போனால் எடை மேலும் தடுமாறும்.

அதற்குப் பதிலாக, அமெரிக்கரான வால்டர் ஷூஹார்ட் 1924-இல் வகுத்த, எடையின் ஏற்ற இறக்கம் இயல்பான எல்லைக்குள் இருக்கிறதா என்று காட்டும் கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கையாளுங்கள். மணிக்கு ஒருமுறை, அடுத்தடுத்து வரும் 5 பொட்டலங்களை எடை போட்டு, அவற்றின் சராசரியையும், மிகுந்த எடைக்கும் குறைந்த எடைக்கும் உள்ள வித்தியாசமாகிய வீச்சையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். 25 முறை குறித்தபின், வீச்சுகளின் சராசரியை 0.577-ஆல் பெருக்கி, 25 சராசரிகளின் சராசரியாகிய மொத்தச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லையும், அதிலிருந்து கழித்தால் கீழ் எல்லையும் கிடைக்கும். மொத்தச் சராசரி 202 கிராம், சராசரி வீச்சு 4 கிராம் எனில், எல்லைகள் 204.3, 199.7 ஆகும். வீச்சுக்கான மேல் எல்லைக்குச் சராசரி வீச்சை 2.114-ஆல் பெருக்க வேண்டும்; இங்கே அது ஏறத்தாழ 8.5 கிராம். வீச்சு கட்டுக்குள் இருக்கிறதா என்பதையே முதலில் பாருங்கள்.

இந்த அளவுகளை வரைபடத்தில் புள்ளிகளாக இடுங்கள். ஒரு புள்ளி எல்லையைத் தாண்டினாலோ, தொடர்ந்து 8 புள்ளிகள், சராசரியைக் காட்டும் நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தாலோ, தராசு, பாகின் பதம், புதிதாக வந்த வெல்லம் ஆகியவற்றை ஆராய்ந்து காரணத்தைக் கண்டபின் திருத்துங்கள். இந்த எல்லைகள் ஐந்தின் சராசரிக்கு மட்டுமே உரியவை. உறையில் அச்சிட்ட எடையோடு ஒவ்வொரு பொட்டலத்தையும் ஒப்பிடுவது தனி வேலை, அதை விட்டுவிடக் கூடாது.