ஐந்து மில்லிமீட்டர் தண்ணீரில் ஓர் அதிர்ச்சி அலை

2024 நவம்பரில் ஒடிசாவின் அப்துல் கலாம் தீவிலிருந்து பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ, ஒலியைவிட ஐந்து மடங்குக்கு மேல் வேகமாகப் பாயும் ஹைப்பர்சானிக் ஏவுகணையைச் சோதித்த செய்தியைப் பார்த்துவிட்டு அக்கா மகன் கேட்டான்: "மாமா, அந்த வேகத்துல மூக்குக்கு முன்னால காத்து என்ன ஆகும்?" மூக்குக்கு முன்னால் காற்று நெருக்குண்டு எழும் அதிர்ச்சி அலையை நிஜமாகப் பார்க்க, அதிவேகக் காற்றைப் பாய்ச்சும் அதிர்ச்சிச் சுரங்கம் வேண்டும், அதிலும் ஓட்டம் சுமார் ஒரு மில்லிவினாடிதான். மண்டபம் ஊரில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரு பழைய கண்ணாடிப் பலகை. ஆழம் குறைந்த தண்ணீரில் அலையை ஒலியாக வைத்துக்கொள்ளலாம். தண்ணீரில் இழுக்கும் பொருள் அலையைவிட எத்தனை மடங்கு வேகமோ, அதுதான் மாக் எண்.

120-க்கு 60 செ.மீ. கண்ணாடியைச் சுற்றி ரீப்பர் கட்டையைச் சிலிக்கானால் ஒட்டுங்கள். ரசமட்டம் வைத்துச் சமன் பாருங்கள். கைபேசிச் செயலியை நான் நம்புவதில்லை.

அடுத்தது தண்ணீர். இங்கேதான் நான் கோட்டை விட்டேன். முதலில் 2 மி.மீ. ஊற்றினேன். இழுத்த ரப்பர் மாதிரிக்கு முன்னால் அழகான நுண்ணலைகள் ஓடின; அதுதான் அதிர்ச்சி அலை என்று இரண்டு நாள் பையனிடம் பீற்றிக்கொண்டேன். உண்மையில் அது பரப்பு இழுவிசையின் வேலை: அந்த ஆழத்தில் குட்டி அலைகள் பெரியவற்றை முந்திவிடும். 1 செ.மீ. வைத்தால் அவை பின்தங்கும். சுமார் 4.7 மி.மீ.-இல் இழுவிசை, ஆழம் இரண்டின் விளைவும் சமமாகி, அலைகள் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் போகும், ஒலியைப் போல. ஸ்கேலால் அளக்காதீர்கள், தண்ணீர் அதில் ஏறி ஏமாற்றும். 3.6 லிட்டர் அளந்து ஊற்றினால் 5 மி.மீ. வந்துவிடும்.

அந்த ஆழத்தில் அலை வேகம் வினாடிக்கு 22 செ.மீ. 44 செ.மீ.-இல் இழுத்தால் மாக் 2, 1.1 மீட்டரில் மாக் 5.

கனமான ரப்பர் ஷீட்டில் ஒரு கூர் மூக்கு, ஓர் உருண்டை மூக்கு வெட்டி, தங்கூசி (மீன்பிடி நரம்பு) கட்டி இழுங்கள். கை குலுங்கும், தையல் மெஷின் மோட்டார்தான் என் சிபாரிசு, பெடலிலேயே வேகம் கூட்டலாம். மேலே ஒற்றை விளக்கு, கண்ணாடிக்கு அடியில் வெள்ளைத்தாள், அதில் விழும் நிழலை ஸ்லோ மோஷனில் எடுங்கள்.

கூர் மூக்கில் அலை நுனியோடு ஒட்டும், வேகம் கூடக்கூட உடலோடு படியும். உருண்டையில் வில்லாக விலகி நிற்கும். ஏவுகணை வேகத்தில் எழும் வெப்பத்தில் பெரும்பங்கு காற்றோடு போகட்டும் என்று மூக்கை மழுக்குவது இதனால்தான். ஆனால் அந்த வெப்பம் தண்ணீரில் தெரியாது.

கச்சான் (மேல்காற்று) வீசினால் ஜன்னலைச் சாத்துங்கள்.

பிற்சேர்க்கை: தொண்டி வாசகர் ஒருவருக்கு இரட்டைக் கோடு வந்ததாம். ஓரத்தில் பட்டுத் திரும்பும் அலை அது, ஸ்பாஞ்ச் ஒட்டுங்கள். இன்னொருவர் கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார். நன்றாக அலசுங்கள், மிச்சச் சோப்பு இழுவிசையைக் குறைத்து அந்த 4.7-ஐயே மாற்றிவிடும்.