மனநல வார்டில் சொந்தக் கதை சொல்லும்போது நர்ஸ்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநல வார்டில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், மூன்று நாளாக வாயே திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேச்சுக் கொடுக்கலாமென்று, என் அப்பா இறந்தபின் தூக்கமில்லாமல் தவித்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்லக் குரல் கம்மிவிட்டது. அந்த அம்மா முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்து, "அழாதீங்க சிஸ்டர், சாப்பிட்டீங்களா?" என்றார். அன்று முழுக்க அவர்தான் என்னைக் கவனித்துக்கொண்டார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நமக்கே இன்னும் ஆறாத துக்கத்தை நோயாளியிடம் எடுத்து வைக்கக் கூடாது. "அப்பா போனப்போ எனக்கும் தூக்கம் போச்சு. உங்களுக்கு ராத்திரி எப்படி இருக்கு?" இவ்வளவு போதும்; பேச்சு உடனே அவர் பக்கம் போய்விட வேண்டும். "எனக்குச் சரியாயிடுச்சு, உங்களுக்கும் ஆயிடும்" என்பதும் வேண்டாம். பத்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, நம்மால்தான் முடியவில்லையோ என்ற குற்ற உணர்வுதான் வரும்.

அப்புறம், அடுத்தவர் கதை. "போன மாசம் இதே கட்டில்ல ஒருத்தர்..." என்று ஆரம்பித்தால், பெயர் சொல்லாவிட்டாலும் சின்ன ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, நோயாளியின் விவரங்கள் ரகசியமாக இருப்பதை அவருடைய உரிமையாக்கியிருக்கிறது. மேலே சொன்ன அம்மாவையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

ஐந்தாம் நாள், தலை வாரிவிடும்போது அவராகவே சொன்னார்: "நெஞ்சுல அம்மிக்கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு." கேஸ் ஷீட்டில் நான் 'மனச்சோர்வுடன் இருக்கிறார்' என்று எழுதி முடித்தேன். அதுவும் தவறுதான். 1990-களில் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஃபில் பார்க்கர் உருவாக்கிய 'டைடல் மாடல்' என்ற செவிலிய முறை, நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதச் சொல்கிறது. அப்படி எழுதியிருந்தால், அடுத்த ஷிஃப்டில் வந்த சிஸ்டர் "அந்தக் கல்லு இன்னைக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டிருப்பார்.

மனம்விட்டுப் பேசுகிறாரே என்ற சந்தோஷத்தில், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வெளியே வந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். சிகிச்சை தருபவர்களுக்குள் தேவையான விவரத்தைப் பகிர்வதை அதே 23-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. இதை அவர் பேசத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.